உங்கள் வீட்டு ஷட்டரை மின்சாரம் இல்லாமல் திறந்து பார்த்திருக்கிறீர்களா?

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டு வாசலில் மோட்டார் ஷட்டர் போட்டிருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். போடப் போகிறவர்கள் இரண்டு முறை படியுங்கள்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் போனால் உள்ளே இருப்பவரால் திறக்க முடியாத ஒன்றை வீட்டு வாசலில் மாட்டுவது குற்றம். அந்தக் குற்றத்தில் மூன்று பேருக்குப் பங்கு உண்டு. சொல்லிக் கொடுக்காமல் மாட்டிவிட்டுப் போகிறவர், அழகுக்காக அதை மறைக்கிறவர், இரண்டுக்கும் தலையாட்டிப் பணம் கொடுக்கிறவர். இந்த மூன்றாவது ஆள் நான். அதனால் ஊரைத் திட்டுகிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். என்னைத் திட்டிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் இருப்பது மன்னார்குடியில் ஒரு பழைய தெரு. வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும். சந்து கிடையாது. எங்கள் வீட்டு முகப்பு 15 அடி. அப்பா காலத்தில் அந்த 15 அடியில் இரண்டு பக்கமும் திண்ணை, நடுவில் இரட்டைக் கதவு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியதே, அதன் பிறகு நாள் கணக்கில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. தண்ணீர் இல்லை, போன் இல்லை. ஆனால் வாசற்கதவு திறக்கவில்லை என்று ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. தாழ்ப்பாளுக்கு மின்சாரம் எதற்கு?

2021ல் ஓய்வு பெற்றேன். வந்த பணத்தில் கார் வாங்கினேன். காரை நிறுத்த இடம் வேண்டுமே! திண்ணை இரண்டையும் இடித்தேன். இரட்டைக் கதவை விற்றேன். முகப்பு முழுக்க 12 அடி அகலத்துக்கு ஒரு மோட்டார் ஷட்டர். ரிமோட்டை அழுத்தினால் சர்ரென்று ஏறும். ஒரு வாரம் அக்கம்பக்கத்தார் வந்து வேடிக்கை பார்த்தார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. மாட்ட வந்த ஆட்கள் ரிமோட் இரண்டைக் கையில் கொடுத்து, "அவ்ளோதான் சார்" என்றார்கள். நானும் அவ்வளவுதான் என்று நம்பினேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள் இரவு நல்ல மழை. 2 மணி 10 நிமிடத்துக்கு என் மனைவி எழுப்பினார். "என்னங்க, மூச்சு விட முடியல." உட்கார்ந்தபடி இழுத்து இழுத்து மூச்சு விடுகிறார். உடம்பெல்லாம் வியர்வை. இன்வெர்ட்டரில் விளக்கு எரிந்ததால் மின்சாரம் போயிருப்பதே எனக்குத் தெரியவில்லை. 108க்குப் போன் செய்தேன். கார் சாவியையும் எடுத்துக்கொண்டு ரிமோட்டை அழுத்தினேன். ஷட்டர் அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். சுவரில் இருக்கும் சுவிட்சை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. இன்வெர்ட்டர் லைனில் ஷட்டர் மோட்டார் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "மோட்டார் லோடு இன்வெர்ட்டர் தாங்காது சார்" என்று எலக்ட்ரீசியன் சொன்னதும், நான் தலையாட்டியதும் ஞாபகம் வந்தது.

குனிந்து கீழ்ப்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். 62 வயதுக்காரன் தூக்கிற எடையா அது? பின்பக்கம் போகலாம் என்றால் கொல்லையில் 7 அடிச் சுவர், அதற்குப் பின்னால் வாய்க்கால். மாடி வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போகலாம், நடக்க முடிகிறவர்கள்.

2 மணி 32க்கு ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவர்கள் வெளியே, நாங்கள் உள்ளே. நடுவில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தகரம். ஆக்சிஜன் சிலிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் அந்தப் பையன். உள்ளே கொடுக்க ஒரு விரல் அளவு இடைவெளி இல்லை. ஷட்டரைத் தட்டித் தட்டிச் சொல்கிறார்: "ஐயா, அம்மாவைப் படுக்க வைக்காதீங்க! உட்கார வைங்க! காலைத் தொங்கப் போடச் சொல்லுங்க!" என் வீட்டு வாசலில் வந்து நிற்கும் வைத்தியத்தை நான் உள்ளே விடவில்லை. 26 நிமிடம் விடவில்லை.

சத்தம் கேட்டு இரண்டு வீடு தள்ளி இருக்கும் தம்பி எழுந்து வந்தார். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். பக்கத்து வீட்டு மாடி ஏறி, எங்கள் மாடிக்குத் தாண்டி, படி இறங்கி வந்தார். வந்தவர் ஷட்டரைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து மேலே பார்த்தார். "சார், சங்கிலி எங்கே?"

"எந்தச் சங்கிலி?"

"கைச்சங்கிலி சார். மோட்டார் பக்கத்துல தொங்குமே."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஷட்டர் போட்டு ஒரு மாதம் கழித்து முன்பக்கம் ஃபால்ஸ் சீலிங் போட்டோம். போட்டவர் கேட்டார்: "சங்கிலி தொங்குறது அசிங்கமா இருக்கு சார், உள்ளே தள்ளி மூடிடட்டுமா?" நான் சொன்ன பதில்: "மூடிடுப்பா." அது எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தம்பி கடப்பாரையால் சீலிங்கை ஒரே குத்து. சுருட்டி, கேபிள் டை போட்டுக் கட்டிய சங்கிலி மேலே பத்திரமாக இருந்தது. முதலில் ஷட்டர் மோட்டாரின் மெயினை அணைத்தார். பிறகு சங்கிலியை இழுக்க ஆரம்பித்தார். சங்கிலி மளமளவென்று வருகிறது, ஷட்டர் அங்குலம் அங்குலமாக ஏறுகிறது. இடுப்பளவு ஏறியதும் ஆம்புலன்ஸ் பையன் படுத்து உருண்டு உள்ளே வந்து ஆக்சிஜனை மாட்டினார். ஸ்ட்ரெச்சர் போகும் அளவுக்கு ஏறியபோது 2 மணி 58.

நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. இப்போது நன்றாக இருக்கிறார், இந்தப் பதிவைப் போடச் சொன்னதே அவர்தான். ஆனால் டூட்டி டாக்டர் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "ஏன் இவ்வளவு லேட்?" மழை என்று சொல்லவா? கதவு திறக்கவில்லை என்று சொல்லவா? நான் 33 வருடம் இயற்பியல் நடத்தியவன் என்று சொல்லவா?

இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் கப்பி வரைந்திருக்கிறேன். நெம்புகோல், பற்சக்கரம் எல்லாம் நடத்தியிருக்கிறேன். "விசையில் லாபம், தூரத்தில் நஷ்டம்" என்று பையன்களை ஒப்பிக்க வைத்திருக்கிறேன். அந்தச் சங்கிலி அதுவேதான். நிறைய நீளம் இழுக்க வேண்டும், ஆனால் குறைந்த பலம் போதும். பரீட்சைக்கு 5 மதிப்பெண் பாடமாக இருந்தது என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நானே சீலிங் போட்டு மூடியிருக்கிறேன்.

சரி, ஏன் கையால் தூக்க முடியவில்லை? கணக்குப் போடுவோம். 12 அடிக்கு 9 அடி என்றால் ஏறத்தாழ 10 சதுர மீட்டர். தகடு 1.2 மில்லிமீட்டர். எஃகு ஒரு கன மீட்டர் 7850 கிலோ. பெருக்கினால் 94 கிலோ வருகிறது. அது தட்டையான தகடாக இருந்தால். பட்டையின் வளைவு, ஒன்றோடொன்று கோக்கும் மடிப்பு, கீழ்க்கட்டை எல்லாம் சேர்த்தால் 100 கிலோவைத் தாண்டிவிடும்.

கடைத்தெருவில் அந்தக் காலத்து ஷட்டரைக் கொக்கிக் கம்பியால் ஒரு ஆள் தூக்கிவிடுகிறாரே என்று கேட்பீர்கள். அதன் உருளைக்குள் சுருள்வில் இருக்கிறது. ஷட்டரின் எடையை அது சுமக்கிறது. ரயில்வே கேட்டின் மறுமுனையில் எடை கட்டியிருப்பார்களே, அதே தத்துவம். எங்கள் வீட்டில் இருப்பதில் எடையைச் சுமப்பது மோட்டார். மின்சாரம் இல்லாதபோது அதன் பிரேக் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஷட்டர் தலையில் விழாமல் இருப்பது அதனால்தான். கையால் தூக்கினால் வராததும் அதனால்தான். நம்மைக் காக்கும் பிரேக்கே நம்மைச் சிறையும் வைக்கும். சிறைக்கு ஒரு சாவிதான், அந்தச் சங்கிலி.

2022ல் கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே ஒவ்வொரு வீட்டிலும் கராஜ் கதவு உண்டு. போன மறுநாளே மகள் காட்டினாள். மோட்டாரின் தண்டவாளத்திலிருந்து ஒரு கயிறு, நுனியில் சிவப்புப் பிடி. "அப்பா, கரண்ட் போனா இதை இழுக்கணும். மோட்டார் கழண்டுக்கும். அப்புறம் கையால தூக்கிடலாம்." அந்தக் கதவின் எடையையும் சுருள்வில்தான் சுமக்கிறது. அந்த வில் உடைந்திருந்தால் மட்டும் கதவு அசையாது. மேலே நிற்கும்போது கயிறை இழுத்தால் கதவு தடாலென்று விழும். அதையும் சேர்த்துச் சொன்னாள்.

அந்த மாநிலத்துக்கு இந்தப் பாடம் சும்மா வரவில்லை. 2017 அக்டோபரில் வட கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவி மின்சாரம் போனபோது, கராஜ் கதவைத் திறக்க முடியாமல் மாட்டிக்கொண்டு இறந்தவர்கள் உண்டு. அடுத்த வருடமே சட்டம் போட்டார்கள். 2019 ஜூலை 1 முதல் அங்கே வீடுகளில் புதிதாகப் பொருத்தும் கராஜ் மோட்டாரில் பேட்டரி இருந்தாக வேண்டும். நான் அந்தச் சிவப்புப் பிடியைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்றேன், ஊருக்கு வந்தேன். நம் வீட்டில் அது எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

நம் நாட்டிலும் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு என்று ஒன்று இருக்கிறது. வெளியேறும் கதவு, வெளியேற வேண்டியவர் பக்கத்திலிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சாவியே கூடாது என்றால் மின்சாரத்தை நம்பி இருக்கலாமா?

டெல்டா மாவட்டத்து ஆசிரியர்களுக்கு வெளியேறும் வழியைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2004 ஜூலை 16, கும்பகோணம். 94 குழந்தைகள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பறையிலும் வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்த தலைமுறை நாங்கள். பள்ளிக்கூடத்தில் பார்த்தேன். வீட்டில் பார்க்கவில்லை.

இதைச் சொன்னபோது நண்பர்கள் நாலு விதமாகப் பதில் சொன்னார்கள்.

"யூ.பி.எஸ். போட்டா முடிஞ்சு போச்சு." போடுங்கள், நல்லதுதான். ஆனால் ஷட்டர் திறக்காமல் போக மின்தடை மட்டும்தான் காரணமா? கண்டென்சர் போகலாம், லிமிட் சுவிட்ச் பழுதாகலாம், பட்டை சேனலில் சிக்கலாம். பேட்டரிக்கும் வயதாகும். நம்மைப் போலவே சொல்லாமல் கொள்ளாமல் படுக்கும்.

"சங்கிலி இருந்தா திருடன் திறந்துடுவான்." சங்கிலி இருப்பது வீட்டுக்கு உள்ளே. அதைப் பிடிக்கும் தூரத்தில் திருடன் நிற்கிறான் என்றால் அவன் ஏற்கெனவே வந்துவிட்டான். அவனுக்குச் சங்கிலி வேண்டியதில்லை.

"வயசானவங்களால இழுக்க முடியாது." இதற்கு என் மனைவியே கடைசியில் பதில் சொல்வார்.

"அதெல்லாம் மாட்டினவங்க வேலை. போன் பண்ணினா வருவாங்க." மறுநாள் போன் செய்தேன். வந்தார்கள், நாலாம் நாள். வந்தவர் சீலிங்கில் இருந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, "சங்கிலியை யாரு சார் மூடச் சொன்னது?" என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். நான் திருப்பிக் கேட்டேன்: "மூடக்கூடாதுன்னு யாருப்பா சொன்னது?" பதில் இல்லை. மிக்ஸி வாங்கினால்கூட ஒரு தேங்காய்ச் சில்லைப் போட்டு அரைத்துக் காட்டுகிறார்கள். 100 கிலோ இரும்பை ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் தொங்கவிட்டுப் போகிறவர்கள் ஐந்து நிமிடம் நின்று சங்கிலியை இழுத்துக் காட்டக்கூடாதா? கடைசித் தவணையைக் கையில் வாங்கும் முன், மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்காரர் கையாலேயே ஒரு முறை திறக்க வைக்க வேண்டும். அப்படிச் செய்யாத வரை வேலை முடியவில்லை என்றுதான் அர்த்தம். பணத்தைக் கொடுக்காதீர்கள். நான் சொல்லும் ஒரே போராட்டம் இதுதான்.

இனி, ஷட்டர் திறக்காவிட்டால் என்ன பார்க்க வேண்டும்? இரண்டு மாதமாக வைண்டிங் கடை தம்பியிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் சுவர் சுவிட்சை அழுத்துங்கள். அதில் திறந்து ரிமோட்டில் திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் ரிமோட்டின் பேட்டரிதான். இரண்டிலும் சத்தமே இல்லை என்றால் மின்சாரம் இருக்கிறதா, ஷட்டருக்கான எம்.சி.பி. விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டர் விளக்கை நம்பி ஏமாறாதீர்கள்.

2. பக்கவாட்டுப் பூட்டு, கீழ்ப்பூட்டு ஏதாவது போட்டிருக்கிறதா? பூட்டை எடுக்காமல் மோட்டாரைப் போட்டால் பட்டை வளைந்துவிடும்.

3. மோட்டார் உறுமுகிறது, ஷட்டர் ஏறவில்லையா? உடனே கையை எடுங்கள். கண்டென்சர் போயிருக்கலாம், அல்லது எங்கோ சிக்கியிருக்கலாம். விடாமல் அழுத்தினால் மோட்டார் கருகும்.

4. நாலைந்து முறை ஏற்றி இறக்கி விளையாடிய பிறகு நின்றுவிட்டதா? சூடேறி, தன்னைத் தானே காத்துக்கொள்ள நின்றிருக்கும். அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

5. ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் நிற்கிறதா? பட்டை சேனலை விட்டு விலகியிருக்கும். சங்கிலியாலும் இழுக்காதீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள். கீழே யாரையும் நிற்க விடாதீர்கள்.

6. பாதியில் நிற்கிறது, அல்லது உச்சிக்குப் போயும் நிற்காமல் இழுக்கிறது என்றால் லிமிட் சுவிட்ச். அது ஆள் வந்து செய்ய வேண்டிய வேலை.

7. கைச்சங்கிலியைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். நீங்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் வந்து, யாராவது ரிமோட்டை அழுத்தினால் கை போய்விடும். பக்கத்தில் மெல்லிய கயிறு ஒன்று தொங்கினால் அது பிரேக்கை விடுவிக்கும் கயிறு. இழுத்தால் ஷட்டர் இறங்கும். கீழே ஆள் இல்லை என்று பார்க்காமல் தொடாதீர்கள்.

8. சுருள்வில் உள்ள ஷட்டரில் வில்லைக் கழற்றவோ முறுக்கவோ நீங்களே முயலாதீர்கள். அதில் அடைத்து வைத்திருக்கும் விசை எலும்பை முறிக்கும்.

இதெல்லாம் இருக்கும் ஷட்டருக்கு. இனிமேல் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோயிலிலும் கோட்டையிலும் பெரிய கதவில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன வாசல் வைத்தார்களே, திட்டிவாசல், அது சிற்பியின் விளையாட்டு இல்லை. யானைக்கும் தேருக்கும் ஒரு வழி, மனிதனுக்கு ஒரு வழி. நாம் காருக்கு ஒரு வழி வைத்துவிட்டு, மனிதனும் அதே வழியில் வரட்டும் என்று விட்டுவிட்டோம். கார் அகலம் 6 அடிகூட இல்லை. ஷட்டருக்கு 9 அடி போதும். மீதி 3 அடியில் தாழ்ப்பாள் போட்ட ஒரு சாதாரணக் கதவு வையுங்கள். முகப்பு அழகு கெடும் என்கிறார்கள். ஸ்ட்ரெச்சரை உள்ளே விடாத வீட்டுக்கு என்ன அழகு?

தை மாதம் நான் அதைச் செய்தேன். ஷட்டரை 9 அடியாகக் குறைத்து, பக்கத்தில் மூன்றடிக் கதவு வைத்தோம். ஃபால்ஸ் சீலிங்கில் ஓட்டை அப்படியே இருக்கிறது. அடைக்கவில்லை. அதன் வழியாகச் சங்கிலி தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் "அது என்ன சார் அசிங்கமா?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். கேட்டால்தானே சொல்ல முடியும்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. ஒரு வேண்டுகோள். காலையில் காபி குடித்த கையோடு ஷட்டரின் மெயினை அணையுங்கள். வீட்டில் வயதில் மூத்தவரைக் கூப்பிட்டு, சங்கிலி எங்கே என்று கேளுங்கள். அவர் கையாலேயே ஷட்டரை இடுப்பளவு ஏற்றச் சொல்லுங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். சங்கிலியே இல்லை என்றாலோ, எங்கே என்று தெரியவில்லை என்றாலோ, திங்கட்கிழமை காலை முதல் போன் மாட்டியவருக்குப் போகட்டும்.

எங்கள் வீட்டில் போன வாரம் பார்த்தோம். என் மனைவி, 58 வயது, நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, 6 நிமிடம். உங்கள் வீட்டு நிமிடத்தைக் கமெண்டில் எழுதுங்கள்.